வெள்ளை ஆர்க்கிட்டுக்கு நான் ஊற்றிய உரம்

அன்பு வாலு,

இலை பச்சையாக நின்று வேர் மட்டும் கறுத்துப்போன செடியை உயிரோடு இருக்கிறது என்பதா, இல்லை என்பதா? எனக்குத் தெரியவில்லை. உன் உடம்பு சுகம்தானே, அங்கே குளிர் குறைந்ததா. எனக்கு முழங்கால் வலி தவிர வேறு குறையில்லை.

ஒவ்வொரு ஞாயிறும் போனில், "அப்பாவோட வெள்ளை ஆர்க்கிட் நான் வர்றப்ப பூத்திருக்குமாம்மா, அது பூத்தா அப்பாவே ஹால்ல உக்காந்திருக்கற மாதிரி இருக்கும்" என்கிறாய். நானும் "ம்" என்கிறேன். அது பொய். உன் அப்பா வெளிச்சம் பார்த்த விதம் உனக்குத் தெரியும், ஜன்னலுக்கும் இலைக்கும் நடுவே உள்ளங்கையை நீட்டுவார், நிழலின் ஓரம் மங்கலாக விழுந்தால் சரி, வெட்டினாற்போல் விழுந்தால் திரையை இழுப்பார். ஏசி காற்று படாத மூலையாகத் தேடி வைப்பார். உரத்தை டப்பாவில் அச்சிட்டிருக்கும் அளவில் கால் பங்குதான் கலப்பார், அதையும் வெறும் தண்ணீரில் வேரை நனைத்த பிறகே ஊற்றுவார். கை ஜோசியம் என்று நான் கேலி செய்தால், "நீங்க மீட்டர் வெச்சுப் பாருங்க மேடம், நான் கைய வெச்சுப் பாக்கறேன்" என்பார். அவர் போனபின் அந்த மேடம் எல்லாவற்றையும் அளந்தாள். வெளிச்சமும் சூடும் சரியாகவே இருந்தன, பூந்தண்டுதான் வரவில்லை. நீ வருவதற்குள் பூக்க வேண்டுமே என்று, கல்லூரி ஆய்வகத் தராசில் நிறுத்து, முழு அளவு உரத்தை வாராவாரம் காய்ந்த வேரில் ஊற்றினேன். உப்பு மிஞ்சினால் வேரிலுள்ள தண்ணீர் வெளியே போய்விடும் என்று வருஷாவருஷம் தாவரவியல் வகுப்பில் பலகையில் படம் போடுகிறவள் நான். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிந்த உப்பைத் துணியால் துடைத்தேனே தவிர, யோசிக்கவில்லை. இன்று தொட்டியைத் தூக்கினால் செடி ஆடுகிறது. அப்பாவுக்கு அதை விற்ற நர்சரிக்காரரை நாளை வரச் சொல்லியிருக்கிறேன். இதற்கு மேல் எழுத வரவில்லை.

நீ நன்றாக இருக்க வேண்டும், எனக்கு அது போதும். காலையில் வயிற்றைக் காயப்போட்டு வேலைக்கு ஓடாதே. டிக்கெட் தேதியை மறக்காமல் சொல்.

உன் அம்மா

மறுநாள்: நர்சரிக்காரர் செடியை உருவினார். ஒரு நல்ல வேர்கூட இல்லை. "மேலதாம்மா பச்சை, கீழ எப்பவோ போயிடுச்சு. பூவோட இதே மாதிரி வெள்ளை ஒண்ணு தரேன், இந்தத் தொட்டியிலயே வெச்சுடலாம், பொண்ணுக்குத் தெரியவா போகுது" என்றார். சரி, கொண்டு வாருங்கள் என்றேன். அவர் வண்டியைக் கிளப்பும்போது வலிக்கும் காலோடு ஓடிப்போய் வேண்டாம் என்றேன். உள்ளே வந்து, உன் அப்பா போன இந்தப் பதினோரு மாதத்தில் முதல் தடவையாக, சத்தம் போட்டு அழுதேன். பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தட்டினாள். முகத்தைத் துடைக்காமலே திறந்தேன்.