கஞ்சியும் அடையாளச் சொல்லும்

ரைன் ஆற்றங்கரையில் இருக்கும் என் வீட்டுக்காரர் ஹல்தவோவுக்கு, பிரியாத்தா வணங்கி எழுதுவது. உங்கள் முழங்கால் வலி தேவலையா? நாங்கள் சுகம்.

அன்று, கடல் தாண்டி நாங்கள் இருக்கும் இந்த எல்லை மதிலின் காவல் கோபுரத்தடியில் நான். மேலே காவலுக்கு நம் பேரன் வத்தோவும் அவன் கூட்டாளி உல்பேனும். பனிமூட்டத்துக்குள் அவர்கள் தலைவன் மார்சியன். அவன் அங்கே நின்றது எனக்குத் தெரியாது.

காலையில் சிப்பாய்களின் துணியைத் துவைத்துக்கொண்டிருந்த என்னிடம், "அம்மா, உங்க பேரனுக்குக் கஞ்சி கொண்டு போங்க" என்று சொன்னவனே அவன்தான். எவ்வளவு நல்லவன் என்று நினைத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன்.

"யாரு? இன்னிக்கு அடையாளச் சொல்லு என்ன?" என்றான் வத்தோ.

"உன் பாட்டிடா. கஞ்சி ஆறுது."

"சொல்லு தெரியலைன்னா தொறக்க மாட்டேன் பாட்டி."

"டேய், பாட்டிதான்டா. அந்த இருமல் மதில் முழுக்கத் தெரியும்" என்று உல்பேன் சிரித்தான்.

வத்தோ திறக்கவில்லை. தூறலில் நின்று அவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அப்போது மார்சியன் பிரம்போடு என் பின்னாலிருந்து வந்து, "பொழச்சான் உங்க பேரன்" என்றான். சொல் கேட்காமல் திறந்திருந்தால் பிள்ளையின் முதுகுத்தோல் உரிந்திருக்கும்.

பிறகு கதவைத் திறந்து என்னை உள்ளே கூட்டிப்போன வத்தோ, என் தலையைத் துவட்டிக்கொண்டே, "கோவமா பாட்டி?" என்று கேட்டான். கஞ்சிச் சட்டியை அவன் கையில் வைத்தேன்.

நம் ஆட்டுக் கம்பளி ஒரு பிடி அனுப்புங்கள். தலையணைக்குள் வைத்துக்கொள்ளத்தான்.

இந்தக் கடிதத்தோடு படகுக்குப் போகிறவன் அவசரப்படுத்துகிறான். உங்கள் மேல் இருந்த பழைய கோபங்களைக்கூட விட்டுவிட்டேன். என் கையால் கஞ்சி கொடுத்தனுப்பிப் பிள்ளைக்கு அடி வாங்கித்தரப் பார்த்த ஒருவனை மட்டும் சாகும்வரை மன்னிக்க மாட்டேன். அவன்தான் மார்சியன்.