மாஹேயிலிருந்து வந்த பதினோரு முட்டை

நெடுங்காடு,
12 டிசம்பர்

ஓவியா அப்பாவுக்கு எழில்மதி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் ஓவியாவும் நலம். உங்கள் நலத்துக்கு ஒரு குறையும் இருக்காது என்று நம்புகிறேன். போன ஞாயிறு போனில் உங்கள் குரல் அவ்வளவு செழிப்பாக இருந்தது.

தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போன் வந்தால் நீங்கள் அந்த வீட்டு முற்றத்தில் நின்றுகொண்டு பேசுகிறீர்கள். பின்னால் கோழி கத்துகிறது. அந்த வீட்டுக்கார அம்மா சிரிக்கிறார். நான் ஒன்று சொல்ல வாயெடுத்தால், "இரு இரு, சேவல் மதில் மேல ஏறிடுச்சு" என்கிறீர்கள். கடிதத்துக்குள் சேவல் ஏற முடியாது. அதனால்தான் இதை நீங்கள் குடியிருக்கிற வீட்டு முகவரிக்கு அனுப்பாமல் அலுவலகத்துக்கே அனுப்புகிறேன். தனியாக உட்கார்ந்து படியுங்கள்.

முதலில் வீட்டுச் செய்தி. பதினைந்து நாளாக மழை விட்டு விட்டுப் பெய்கிறது. வாய்க்காலில் தண்ணீர் கரை தட்டுகிறது. நம் வயலில் பயிர் மூன்று நாள் முழுகிக் கிடந்தது, இப்போது வடிந்து நிமிர்ந்துவிட்டது. சமையலறை மூலையில் ஒழுகுகிற இடத்தில் குண்டான் வைத்திருக்கிறேன். ஓவியாவுக்குப் பரீட்சை நடக்கிறது, ஒழுங்காகப் படிக்கிறாள். அவள் கண்ணாடி போட ஆரம்பித்துப் பதினெட்டு நாள் ஆகிறது. இந்தப் பதினெட்டு நாளில் வீடியோவில் இரண்டு முறை அவளோடு பேசினீர்கள். "அப்பாவா கண்டுபிடிக்கட்டும்மா, நீ சொல்லாத" என்று என் வாயை அடைத்து வைத்திருந்தாள். நீங்கள் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் செம்பி என்கிற கோழிக்குக் கொண்டை வெளுத்திருப்பதை அந்த வீட்டில் நீங்கள்தான் முதலில் பார்த்தீர்களாம். அதை எங்களிடம் எவ்வளவு பெருமையாகச் சொன்னீர்கள்!

கோழி வளர்ப்பது நமக்கு ஒன்றும் புதுப் பேச்சு இல்லை. நான்கு வருடமாகக் கொல்லையில் கூண்டு நிற்கிறது. பழைய கட்டில் சட்டத்தை அறுத்து நீங்களே அடித்த கூண்டு. ஆனால் எப்போது ஆரம்பிப்பது என்பதில் ஒவ்வொரு தடவையும் தள்ளிப்போனது. சித்திரை வெயிலில் குஞ்சு தாங்காது. ஆடிக் காற்றில் சளி பிடிக்கும். ஐப்பசியில் கொல்லை முழுக்கச் சேறு. மாசி, பங்குனியில் வெள்ளைக்கழிச்சல் வந்து கூண்டோடு போய்விடும். இப்படிப் பன்னிரண்டு மாதத்துக்கும் ஒரு காரணம் இருந்தது. கூண்டுக்குள் ஓவியா சைக்கிள் பம்பைப் போட்டு வைத்திருக்கிறாள். போன வருடம் மாற்றல் உத்தரவு வந்து மாஹேக்குக் கிளம்பும்போது, "ஒரு வருஷம்தான் எழிலு. அடுத்த தையில வந்துடுவேன், வந்ததும் ஆரம்பிச்சுடலாம்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். அந்தத் தை இதோ வரப்போகிறது.

அங்கே போன பிறகு நீங்கள் கோழி வைத்தியர் ஆகிவிட்டீர்கள். மாடி அறையை வாடகைக்கு விட்டவர், உங்கள் வாயில் முதலில் சஜிதா சேச்சியாக இருந்தார். சஜிதா சேச்சி கறிவேப்பிலை அரைத்துக் கொடுத்தார், சஜிதா சேச்சி சாம்பல் தூவினார் என்றீர்கள். ஆவணி மாதத்தில் சேச்சி உதிர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு வெறும் சஜிதா. நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். எனக்குக் கிழமைகூட ஞாபகம் இருக்கிறது, வியாழன்.

பொறாமையா என்று கேட்டால், ஆமாம், பொறாமைதான். மூடி மறைக்க எனக்குத் தெரியாது. முட்டையை மிளகு போட்டு அவர் வறுக்கிற வாசனை மாடிவரை வருகிறது என்று நீங்கள் சொன்ன அன்றைக்கு நான் வைத்த ரசம் எனக்கே பிடிக்கவில்லை.

இந்த நேரத்தில்தான் உங்களோடு அங்கே வேலை பார்க்கும் சுப்பையன் விடுப்பில் வந்தவர், முந்தாநாள் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தார். உமிக்குள் பதினோரு முட்டை. ஒவ்வொன்றிலும் இட்ட தேதி பென்சிலால் எழுதியிருந்தது. அழகான, சாய்வான எழுத்து. ஒரு நாள் ஆறவைத்து, பக்கத்து வீட்டு அமுதத்தின் அடைக்கோழிக்கு வைக்கச் சொன்னீர்கள். "சஜிதா வீட்டு முட்டை, நல்ல ஜாதி" என்றீர்கள். நேற்று, முட்டை என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, ரயிலில் குலுங்கிக் கலங்கிவிட்டது என்று சொன்னேன். பொய். வந்த அன்று மாலையே நாலை ஆம்லெட் போட்டேன், மீதியை அவித்துக் குழம்பில் போட்டேன். ஓவியா தட்டைப் பார்த்துக்கொண்டே, "ஏம்மா, இதுல குஞ்சு வந்திருக்கும்ல?" என்று கேட்டாள். வந்திருக்கும், பேசாமல் சாப்பிடு என்றேன். முட்டை ருசியாகத்தான் இருந்தது. அதில் எனக்கு இன்னும் எரிச்சல்.

ஆனால் அந்த அம்மாவின் மேல் இருந்த கோபத்தில் மட்டும் நான் சட்டியை அடுப்பில் வைக்கவில்லை. டப்பாவைக் கொடுத்துவிட்டுச் சுப்பையன் காபி குடித்தார். தான் காரைக்காலுக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். உங்களுடையதும் போயிருக்குமே என்று கேட்டேன். அவர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணனுக்கும் சேத்து ஃபாரம் வாங்கியாந்தேன் அண்ணி. இந்தத் தடவ வேணாம், அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னுட்டாரு. ஒங்ககிட்ட சொல்லியிருப்பாருன்னு நெனச்சேன்" என்றார். நான் தெரியும் என்று தலையாட்டினேன். அவர் முன்னால் வேறென்ன செய்ய?

தையில் வருவேன் என்று சொன்னவர், தைக்குள் குஞ்சு ஓடும் என்று முட்டையை அனுப்பிவிட்டு, தான் வரப்போவதில்லை என்பதை மட்டும் அனுப்பவில்லை. விண்ணப்பத்துக்கு இந்த மாதம் முப்பத்தொன்று கடைசி என்று சுப்பையன் சொன்னார். இதற்கு மேல் நான் என்ன எழுதுவது? மழையில் நனையாதீர்கள். பிரஷர் மாத்திரையை விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
எழில்மதி


நெடுங்காடு,
22 டிசம்பர்

ஓவியா அப்பாவுக்கு எழில்மதி எழுதுவது. உங்கள் பதில் போன சனிக்கிழமையே ஸ்பீட் போஸ்டில் வந்துவிட்டது. கல்யாணமான புதிதில் எழுதியதற்குப் பிறகு உங்கள் கையெழுத்தில் நான் பார்க்கும் முதல் கடிதம் இதுதான். இரண்டு முறை படித்தேன். ஓவியா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அவளுக்கு எழுதிய பாதியை வாங்கிக்கொண்டு போனாள், இன்னும் திருப்பித் தரவில்லை.

சஜிதாவுக்கு ஐம்பத்தாறு வயது என்று எழுதியிருக்கிறீர்கள். நான் நம்பவேண்டும் என்று போட்டோ வேறு வைத்திருக்கிறீர்கள். வெள்ளை முடிதான், எனக்கும் தெரிகிறது. அவர் வீட்டுக்காரர் பத்தொன்பது வருடமாக மஸ்கட்டில் இருப்பதையும், சஜிதா உங்களைத் தம்பி என்று கூப்பிடுவதையும் எழுதியிருக்கிறீர்கள். சரி. வயதைப் பார்த்தா பொறாமை வருகிறது? அந்தப் போட்டோவில் நான் அவரைப் பார்க்கவில்லை. உங்களைத்தான் பார்த்தேன். படிக்கட்டில் காலை நீட்டி, தூணில் சாய்ந்து, மடியில் ஒரு கோழியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். நம் வீட்டில் நீங்கள் அப்படிச் சாய்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அந்தத் தூணின் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்ல!

"இங்க நான் ஒன்னு சொன்னா, செஞ்சுதான் பாப்பமேங்கிறாங்க" என்று ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். மாற்றல் கேட்காததற்குக் காரணம் என்று வேறு எதையும் எழுதவில்லை. அந்த வரியை மடித்து வைத்துவிட்டு நாள் முழுக்க வேலை பார்த்தேன். துணி துவைக்கும்போது மறுபடி ஞாபகம் வந்தது.

போன கடிதத்தில் கோழி வளர்ப்பது தள்ளிப்போனது என்று எழுதியிருந்தேன். தானாகவா தள்ளிப்போனது? தள்ளியது நான்தான். சித்திரை வெயில் என்று சொன்னது நான். ஆடிக் காற்று என்று சொன்னதும் நான். நீங்கள் தடுப்பூசி போட்டால் கழிச்சல் வராது என்று விசாரித்துக்கொண்டு வந்தீர்கள், பெருக்கித் தெளித்த வாசலை எவள் கழுவுவது என்று கேட்டேன். கூண்டு அடித்து முடித்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினீர்கள். தாழ்ப்பாளைத் தலைகீழாக வைத்திருக்கிறீர்கள் என்றுதான் நான் முதலில் சொன்னேன். நீங்கள் சுத்தியலை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டீர்கள். அதற்குப் பிறகு கோழியைப் பற்றி நம் வீட்டில் நீங்கள் வாய் திறக்கவில்லை. கிளம்பும்போது சொன்னதுகூட என் மனத்துக்காகச் சொன்னதாக இருக்கும்.

என் பொறாமை போய்விட்டது என்று நினைக்காதீர்கள், அப்படியேதான் இருக்கிறது. எனக்குக் கிடைக்க வேண்டியதை நானே வேண்டாமென்று சொல்லிவிட்டு, இன்னொருத்தர் வீட்டு முற்றத்தில் அது இருப்பதைப் பார்த்து வருகிற பொறாமை. அது இன்னும் மோசம்.

இப்போது நடந்த செய்தி. அமுதத்திடம் போய், கோழி வளர்க்க ஆரம்பிக்க எது நல்ல மாதம் என்று கேட்டேன். தையில் ஆரம்பி, பயந்துகொண்டே இருந்தால் அடுத்த தையில் ஆரம்பி என்று கேலி செய்தாள். பிறகு, "ஏன் எழிலு, என் கருப்பி பத்து நாளா முட்டையில்லாம தரையில உக்காந்துகிட்டு எந்திரிக்கவே மாட்டேங்குது. அது மாசம் பாத்தா உக்காந்துருக்கு? வேணும்னா தூக்கிட்டுப் போ" என்றாள். மார்கழி பிறந்து இரண்டாம் நாள். எந்த வீட்டிலும் எதையும் தொடங்காத மாதம். தை வரட்டும் என்று சொல்ல எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு, கோழியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். வாரத்துக்கு, அதாவது பங்குக்குத்தான் கொடுத்திருக்கிறாள், பொரிக்கிற குஞ்சில் பாதி அவளுக்கு.

கூண்டிலிருந்த பம்பை எடுத்துவிட்டு, கூடையில் மணலும் வைக்கோலும் போட்டேன். இடி இடித்தால் முட்டை கெடாமலிருக்க இரும்பு வைக்க வேண்டும் என்றாள் அமுதம். உங்கள் பழைய சைக்கிள் சாவி அலமாரியில் கிடந்தது, அதை வைத்தேன். அவள் பத்து முட்டை கொடுத்தாள். ஒற்றைப்படையாக இருக்க வேண்டும், ஒன்று குறைகிறது என்றாள். நான் உள்ளே போய் ஒரு முட்டையை எடுத்துவந்து கொடுத்தேன்.

பதினொன்றையும் சமைத்துவிட்டேன் என்று உங்களுக்கு எழுதியதும் பொய். குழம்புக்கு ஆறுதான் போட்டேன். டப்பாவில் பத்து முட்டையில் அந்தச் சாய்வான எழுத்து. பதினோராவதில் எட்டு என்று மட்டும் இருந்தது. இரண்டு சுழியத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எழுதும் எட்டு. ஓவியாவின் பள்ளி விண்ணப்பத்தில், கேஸ் புத்தகத்தில், நம் கல்யாணப் பத்திரிகை உறைகளில் எல்லாம் நான் பார்த்த உங்கள் எட்டு. அதை உடைக்கக் கை வரவில்லை. உமியோடு அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருந்தேன். பழையதாகிவிட்டது, பொரித்தாலும் பொரிக்கும், கூமுட்டையாகவும் போகும் என்று அமுதம் சொன்னாள். அடையாளத்துக்கு எல்லா முட்டையிலும் கரிக்கோடு போட்டவள், அதை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதற்கு வேண்டாம் என்று வைத்துவிட்டாள்.

கருப்பி யாரையும் அண்ட விடவில்லை, என்னை மூன்று இடத்தில் கொத்தியிருக்கிறது. தாழ்ப்பாள் நீங்கள் வைத்தபடியே தலைகீழாகத்தான் இருக்கிறது. அதற்கென்ன, நன்றாகத்தான் மூடுகிறது.

கணக்குப்படி ஜனவரி ஏழாம் தேதி குஞ்சு வெளியே வரும். நீங்கள் பொங்கலுக்கு வந்து மூன்று நாள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பொங்கலுக்காக அது முட்டைக்குள் காத்திருக்காது. மாற்றல் விண்ணப்பத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன், முப்பத்தொன்று கடைசி என்று ஏற்கெனவே எழுதிவிட்டேன். ஒன்றே ஒன்று மட்டும் அந்த அம்மாவிடம் கேளுங்கள். முதல் கோழியை எந்த வருடம் வாங்கினார் என்று கேளுங்கள். வீட்டுக்காரர் மஸ்கட் போன வருடமாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. அவரே உங்களுக்குச் சொல்லட்டும். அவர் பிள்ளைகளும் வீடும் நன்றாக இருக்க வேண்டும். மனமார அப்படி வேண்டிக்கொள்ள இன்று காலையில்தான் எனக்கு முடிந்தது.

கருப்பி இரை எடுக்க எழுந்து போகும் கொஞ்ச நேரத்தில் நானும் ஓவியாவும் கூடைக்குள் எட்டிப் பார்க்கிறோம். ஓவியா பத்து முட்டையை எண்ணுகிறாள். நான் ஒன்றைத் தேடுகிறேன். கோழி தினமும் புரட்டிப் புரட்டி, உங்கள் எட்டு தேய்ந்துகொண்டே வருகிறது. இன்றைக்கு மேல் சுழியம் மட்டும்தான் தெரிந்தது. அது முழுக்க அழிவதற்குள் வந்துவிடுங்கள்.

உங்கள் வரவுக்காக,
எழில்மதி