கனமில்லாத பாக்கெட்டுகள்

கோத்தகிரி,
நவம்பர் 8, சனிக்கிழமை

அன்புள்ள இந்துவுக்கு,

கைராசி என்று ஒன்று உண்டா? போன சனிக்கிழமை என் கடையில் நின்று ஒருவர் என்னிடம் இதைக் கேட்டார். உன்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து புள்ளியியல் படித்தவள் நான். ஒரு சொல்லில் பதில் முடிந்திருக்க வேண்டும். அன்றைக்கும் சொல்ல முடியவில்லை, இன்றைக்கும் முடியவில்லை.

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. முழங்கால் வலி பரவாயில்லை. இங்கே விடாத மழை. மேட்டுப்பாளையம் ரோட்டில் மரம் விழுந்து ஒருநாள் பஸ் இல்லை. என் கடையை உன் மாணவர்களுக்கு உதாரணமாகச் சொன்னதாக எழுதியிருந்தாய். எல்லோரும் ஏற்றிய விலையிலேயே நின்றபோது பழைய விலைக்கு இறங்கி, வாடிக்கையாளரை இழக்காத சின்னக் கடை என்று. அந்த வரியை நான் இரண்டாம் முறை படிக்கவில்லை.

கடையில் பலகை விளையாட்டுகளும் புதிர்களும் இருந்தாலும், வாடகை கொடுப்பது கார்டு பாக்கெட்டுகள்தான். வீரர்கள் படம் போட்ட கார்டுகள். அவற்றைச் சேர்த்து வைத்துக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்து விளையாடுவார்கள். ஒரு பாக்கெட்டில் பத்து. பிரித்தால்தான் உள்ளே என்ன என்று தெரியும். சிலவற்றில் மட்டும் ஒரு மின்னும் கார்டு இருக்கும். தனியாக விற்றால் பாக்கெட் விலையைப் போலப் பல மடங்கு.

போன வருடம் மொத்த வியாபாரி விலையை உயர்த்தினார். நானும் நூற்றெண்பதை இருநூற்றிருபது ஆக்கினேன். மே மாதம் மலைக்கு வந்தவர்கள் விலை கேட்காமலே வாங்கினார்கள். சீசன் முடிந்த பிறகு ஊர்க்காரர்கள்தானே. வாரம் அறுபது போன இடத்தில் இருபதுகூடப் போகவில்லை. பழைய விலைக்கே இறங்கினேன். எல்லோரும் திரும்பி வந்தார்கள். நட்டத்தை வேறு வழியில் ஈடுகட்டினேன்.

அப்பா தேயிலை ருசி பார்க்கும் வேலையில் இருந்தபோது வைத்திருந்த பித்தளைத் தராசு உனக்கு நினைவிருக்கும். ஒரு சிட்டிகைத் தூளுக்கே சாயும். மின்னும் கார்டு மற்றதைவிடத் துளி கனம். பெட்டி வந்ததும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, தட்டுக்கு ஒரு பாக்கெட்டாக வைத்துப் பார்த்தேன். கனமானவற்றைப் பிரித்து, மின்னும் கார்டுகளைப் பெங்களூருக்குத் தபாலில் விற்றேன். மீதியை முன்னால் அடுக்கினேன். விலையை மறுபடி ஏற்றவில்லை, இந்து. விலைக்குள் இருந்ததை எடுத்துவிட்டேன். பதினான்கு மாதமாக.

தினகரன் என்று ஒரு வாடிக்கையாளர். டீ ஃபேக்டரியில் தூளை உலர்த்தும் டிரையரைப் பார்த்துக்கொள்கிறார். முப்பது வயதிருக்கும், பந்தலூரிலிருந்து வேலைக்கு இங்கே வந்தவர். ஐந்து வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் என் கடை மேசையில் விளையாடுகிறார். சாதாரணக் கார்டுகளை வைத்தே குன்னூரிலிருந்து வருகிறவர்களை ஜெயிப்பார். சனிக்கிழமை கூலி வாங்கியதும் ஒரே ஒரு பாக்கெட். அங்கேயே பிரித்துப் பார்த்துவிட்டு, "நம்ம கை அப்பிடிங்க அக்கா" என்பார். ஒருநாள் மனைவி ராஜகுமாரியை எடுக்கச் சொன்னார். அதிலும் இல்லை. "என்னக் கட்டுனதுல உன்ற கையும் கெட்டுப்போச்சு புள்ள" என்றார். "கை மட்டுமா?" என்றார் ராஜகுமாரி. கடையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

இன்னொன்றும் செய்தேன். புதுப் பெட்டி வந்தால், நிற்கிறவர்களுக்கு ஆசை காட்ட நானே ஒன்றைப் பிரிப்பேன். கனமானது என்று ஒதுக்கி வைத்ததில் ஒன்று. மின்னும் கார்டு வரும். எல்லோரும் கை தட்டுவார்கள். தினகரன் இதை ஒவ்வொரு முறையும் பார்த்திருக்கிறார்.

அவருடைய ஃபேக்டரியில் தொழிலாளர்களுக்குப் புதிதாக மூன்று வீடு கட்டியிருக்கிறார்கள். ஒன்பது குடும்பம் கேட்டிருக்கிறது. நாளைக் காலை குலுக்கல். ராஜகுமாரிக்கு இது எட்டாம் மாதம். இப்போதிருக்கும் அறையில் கட்டிலுக்கு நேர்மேலேயே ஒழுகுகிறதாம். குடும்பத்துக்காக யார் வேண்டுமானாலும் சீட்டு எடுக்கலாம் என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார். அதற்குத்தான் போன சனிக்கிழமை தினகரன் வந்தார்.

"ஏனுங்க அக்கா, கைராசின்னு ஒண்ணு இருக்குதுங்களா? உங்களுக்கு இருக்குதுங்க. நான் பாத்துட்டுதானுங்களே இருக்கறேன். எங்களுக்காக நீங்க வந்து எடுத்துக் குடுங்க."

ஒன்பதில் மூன்று, யார் கை எடுத்தாலும் ஒன்றுதான் என்று சொல்லியிருக்கலாம். அப்படியென்றால் என் கைக்கு மட்டும் ஏன் ஒரு வருடத்துக்கு மேலாக ஒருமுறைகூட வரவில்லை என்று அடுத்ததாகக் கேட்டிருப்பார். வருகிறேன் என்று தலையாட்டிவிட்டேன்.

உன் வகுப்பில் சொல்லும் அந்த உதாரணத்தை எடுத்துவிடு. காரணம் கேட்டால், கடைக்காரியே எழுதினாள் என்று சொல். என்னைத் தேற்றி எதுவும் எழுதாதே. நாளை அவர் முன்னால் எனக்கு வாய் திறக்க வேண்டும். அதை மட்டும் எனக்காக நினைத்துக்கொள். நீயும் உன் வீட்டாரும் நலமாயிருங்கள்.

உன்
ஜானகி

ஞாயிறு, மாலை

உறையை இன்னும் ஒட்டவில்லை. நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

தராசையும் இரண்டு பாக்கெட்டையும் பையில் எடுத்துப் போனேன். ஃபேக்டரிக்கு வெளியே விறகு அடுக்கியிருந்த கொட்டகையில் தினகரனையும் ராஜகுமாரியையும் நிறுத்தி, பாக்கெட்டுகளைத் தட்டில் வைத்துக் காட்டி, செய்ததைச் சொன்னேன். சாய்ந்த தட்டைத் தினகரன் கொஞ்ச நேரம் பார்த்தார். எத்தனை நாளாக என்று மட்டும் கேட்டார். சொன்னேன். அவர் கொடுத்த காசையெல்லாம் திருப்பித் தருவதாகவும் சொன்னேன். ராஜகுமாரி கனமான பாக்கெட்டை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு மறுபடி தட்டிலேயே வைத்தார்.

உள்ளிருந்து பெயர் கூப்பிட்டார்கள். என்னை இருக்கச் சொல்லிவிட்டு தினகரனே போய் எடுத்தார். வெறும் சீட்டு.

வெளியே வந்து அதை என்னிடம் நீட்டினார்.

"இத யாரும் நிறுத்துப் பாக்கலீங்க மேடம்" என்றார்.

குடையை விரித்து ராஜகுமாரியைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு, படிகளில் இறங்கிப் போனார். இந்த ஐந்து வருடத்தில் அவர் என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்.