மாற்றாள் பேசிவிட்டான்

அயோவா,
27 நவம்பர் 1923.

அன்புள்ள தம்பி எமிலுக்கு,

அண்ணி ஆல்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். மொன்டானாவில் இப்போதே பனி கொட்டுகிறது என்று எழுதியிருந்தாய். குழந்தைகளைக் காது மூடாமல் வெளியே விடாதே.

உன் அண்ணன் ஹால்வருக்கு வேலை போய்விட்டது. சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது.

ஃபுட்பால், பாஸ்கெட்பால், பேஸ்பால், ஓட்டம் எல்லாவற்றுக்கும் ஒரே பயிற்சியாளர் என்பது பழைய காலமாம். ஃபுட்பாலுக்கென்றே ஒருவரை சிகாகோவிலிருந்து கொண்டுவர கல்லூரி நிர்வாகிகளுக்கு ஆசை. கடைசி ஆட்டத்தில் பக்கத்து ஊர்க் கல்லூரியை ஜெயித்தால் ஹால்வர் இருக்கலாம், தோற்றால் கிறிஸ்துமஸுக்குள் கல்லூரி வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள்.

சனிக்கிழமை, ஆட்டம் முடியும் தறுவாயில் மூன்று புள்ளி பின்தங்கியிருந்தோம். ஹால்வர், டிவால்ட் என்ற பையனை மாற்றாளாக அனுப்பினார். விதி உனக்குத் தெரியும். உள்ளே போகிறவன் ஒருமுறை பந்து ஆடி முடியும்வரை வாயைத் திறக்கக்கூடாது, வெளியிலிருந்து யாரும் யோசனை சொல்லி அனுப்பிவிடக்கூடாதே என்பதற்காக. அந்த மடையன் பொறுக்கமாட்டாமல் தன் யோசனையைக் கூட்டாளிகள் காதில் ஓதிவிட்டான். அடுத்த நொடி நம் பையன் ஒருவன் பந்தை அணைத்துக்கொண்டு கோட்டைத் தாண்டினான், ஆறு புள்ளி! நடுவர் எதையும் கவனிக்கவில்லை. ஊரே தொப்பியை வீசிக் கூத்தாடியது. நானும்தான்.

இந்த மனுஷர் நேரே நடுவரிடம் போனார். "ஐயா, என் பையன் பேசிட்டான். நான் பாத்தேன்." அவ்வளவுதான். புள்ளியும் போனது, ஆட்டமும் போனது. மளிகைக்கடை யோஸ்ட், "இந்தாளு யாரு பக்கம்யா?" என்று எனக்குப் பின்னாலிருந்தே கத்தினான்.

வீட்டுக்கு வந்ததும் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டேன். "நடுவருக்கே தெரியாதது உங்களுக்கு மட்டும் எதுக்குத் தெரியணும்?"

"தெரிஞ்சுடுச்சே ஆல்மா, என்ன பண்ண?" என்று கிழங்கைப் பிசைந்து சாப்பிட்டார். எனக்கு ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. டிவால்டை அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. இன்று காலையும் ஜிம்முக்குப் போய் பாஸ்கெட்பாலுக்கு வாயால் காற்று ஊதிக்கொண்டிருக்கிறார், வேலை போன மனுஷர்!

உங்கள் கல்லூரியில் விளையாட்டுப் பொறுப்பு முழுக்க உன் கையில்தான் இருக்கிறது. ஆனால் வேலை தருகிறேன் என்று மட்டும் எழுதிவிடாதே. தம்பி இரக்கப்படுகிறான் என்று தெரிந்தால் காகிதத்தை அடுப்பில் போட்டுவிடுவார். நான் எழுதியதும் அவருக்குத் தெரிய வேண்டாம்.

நீங்கள் இருவரும் படித்த காலத்தில், தொடர் ஓட்டத்துக்கு முன் உனக்குக் கணுக்கால் சுளுக்கியதே. பக்கத்து மைதானத்தில் பேஸ்பால் ஆடிக்கொண்டிருந்த உன் அண்ணனுக்கு ஆள் அனுப்பினாய். அதே உடுப்போடு ஓடிவந்து, உன் இடத்தில் ஓடிவிட்டு, மூச்சு வாங்க வாங்கத் திரும்பிப் போய்த் தன் முறைக்கு மட்டையைப் பிடித்தார்.

கடவுள் உன் பிள்ளைகளை நன்றாக வைக்கட்டும். அன்று நீ சொல்லியனுப்பியதையே இப்போதும் எழுது தம்பி: "என்னால முடியலண்ணா, வா." வேறெதுவும் எழுதாதே.

உன் அண்ணி,
ஆல்மா