ஆணி நீ அடித்ததுதான், அண்ணே

என் அன்பு அண்ணனுக்கு,

நீ போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை உனக்கு ஆண்டு ஜெபம் வைத்தோம். பாதர் வந்தார், நம் தேயிலைத் தோட்டத்து லயத்துச் சனம் எல்லாம் வந்தது, பூனாகலைக் குளிரும் கூப்பிடாமலே வந்தது. ஜெபம் எப்படி நடந்தது என்று சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் நீ வாங்கி வைத்த வைஃபை ரவுட்டர் எங்களைப் படுத்திய பாட்டைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது, அண்ணே. கொஞ்சம் பொறுமையாகக் கேள். உயிரோடு இருந்தபோது நான் பேசினால் பாதியில் எழுந்து போவாய். இப்போது எங்கே போவாய்?

உன் அடக்கத்தன்று அண்ணியால் குவைத்திலிருந்து வர முடியவில்லை. வேலை செய்கிற வீட்டில் லீவு கிடைக்கவில்லை. நெஞ்சுவலி என்று ஒரே நாளில் நீ போய்விட்டாய், யார் யாரிடம் கேட்டு எப்படி வருவது? வீடியோ காலில்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சவப்பெட்டியை மூடும்போது முற்றத்தில் கூட்டம் நெருக்கியது, என் கையிலிருந்த போனில் லைன் அறுந்துவிட்டது. மறுபடி கிடைத்தபோது உன்னை மண்ணுக்குள் இறக்கியாகிவிட்டது. அண்ணி அன்றைக்கு அழவே இல்லை. போனைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருந்தார்.

போன மாதம் அவராகவே கேட்டார். “ஸ்டெல்லா, அவங்க மொகத்த மூடுறப்ப நான் பாக்கல. ஆண்டு ஜெபத்தையாவது அறுந்துபோகாமக் காட்டு. ஆரம்பத்துலருந்து கடைசி வரைக்கும். மேடம்கிட்ட அந்த நேரத்துக்கு மட்டும் கேட்டு வச்சிருக்கேன்.” வேறெதுவும் கேட்கவில்லை. இதைக்கூடச் செய்யாவிட்டால் நாங்களெல்லாம் என்ன சொந்தம், சொல்லு?

இந்த நேரம் பார்த்து நம் சித்தப்பா ஒரு காரியம் செய்தார். ஆண்டு ஜெபத்துக்கென்று பண்டாரவளையில் கொடுத்து உன் படத்தைப் பெரிதாக்கி, தங்க நிறத்தில் சட்டம் போட்டுக் கொண்டுவந்தார். அம்மா காட்டிய இடத்தில் மாட்டினார். முன் காம்பராவில் ஜன்னலை ஒட்டின சுவரில், ரவுட்டர் வைக்க நீ பலகை அடித்திருந்தாயே, அதே இடம். பலகையைக் கழற்றிவிட்டு நீ அடித்த ஆணியிலேயே உன்னைத் தொங்கவிட்டார். மாலை போட்டார், சின்னச் சிவப்பு பல்பும் போட்டார். போட்டோக்காரன் உன்னை வெள்ளைக்காரத் துரை மாதிரி வெளுக்க வைத்திருக்கிறான். பரவாயில்லை, சிரிப்பு உன்னுடையதுதான்.

ரவுட்டரைத் தூக்கி இரும்பு அலுமாரியின் உச்சியில் வைத்தார். கேட்டதற்கு, “ஒசரத்துல வச்சாத்தாம்மா நல்லா இழுக்கும். டிவி அன்டனாவ நாங்க எங்க கட்டுனோம்? மூங்கில் நுனியிலதானே?” என்றார். அதுவும் சரிதானே என்று எல்லோரும் தலையாட்டினோம். மேலே கை எட்டும் தூரத்தில் தகரக் கூரை. கீழே இரும்பு அலுமாரி. யாருக்குத் தோன்றியது?

மறுநாளிலிருந்து நெட் இல்லை. விளக்கு எரிகிறது, போனில் வைஃபை அடையாளம் முழுசாகக் காட்டுகிறது, ஆனால் ஒன்றும் திறக்கவில்லை. சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. அணைத்துப் போட்டேன். சிம்மைக் கழற்றித் துடைத்துப் போட்டேன். டேட்டா தீர்ந்திருக்குமோ என்று பார்த்தேன், நிறைய இருந்தது. உதவி நம்பருக்கு எடுத்தால் ஒரு பிள்ளை அன்பாகப் பேசி மறுபடியும் அணைத்துப் போடச் சொன்னது. சித்தப்பா தன் பங்குக்கு ரவுட்டரின் தலையில் இரண்டு தட்டுத் தட்டினார். தட்டினால் பாட அது என்ன பழைய ரேடியோவா?

நான் வேலை பார்க்கிற பிள்ளைக்காம்பராவில் பிள்ளைகளை அவரவர் தாய்மாரிடம் ஒப்படைத்துவிட்டு, ரவுட்டரைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பண்டாரவளைக்கு பஸ் ஏறினேன். நீ அதை வாங்கினாயே, அதே முஸ்லிம் நானாவின் போன் கடைக்கு. உன் பெயரைச் சொன்னதும் அவர் கை அப்படியே நின்றது. “யா அல்லாஹ், தம்பி மௌத்தாகி வருசம் ஒண்டாச்சா?” என்றார். பிறகு அதைத் தன் கடையில் மாட்டிப் பார்த்தார். நெட் காற்றாகப் பறந்தது. “இதுல பிழையில்ல தங்கச்சி. வேணுமெண்டா ஊசியால குத்தி எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசாப் போட்டுத் தாரன்.”

“பாஸ்வேர்டும் போயிருமா நானா?”

“போகும்தான். வேற ஒண்டு போட்டுக்கொள்ளலாமே.”

நான் அதை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். உன் பாஸ்வேர்டு அண்ணியின் பெயர். லயத்தில் எவன் நெட் கேட்டு வந்தாலும் “ஜெசிந்தா”ன்னு அடிச்சாத்தான் கதவு தொறக்கும் என்று நீ பெருமையடித்துக்கொண்டு திரிந்தது எனக்கு மறக்குமா? அந்த ஊசியை நான் குத்த விடமாட்டேன். நானாவுக்கு அது விளங்கவில்லை, ஆனாலும் தேநீர் வாங்கிக் கொடுத்துத்தான் அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை அண்ணியைக் கூப்பிட்டுப் பார்த்தோம். முகம் வந்தது, வாய் பாதி திறந்தபடி உறைந்து நின்றது, போய்விட்டது. மறுபடி எடுத்தோம், மறுபடியும் அதே. கடைசியில் குரல் மட்டும் வந்தது. “இந்தவாட்டியும் அப்பிடித்தானா ஸ்டெல்லா?” குசினிக்குள் போய், அடுப்புப் புகை என்று சாக்குச் சொல்லி அழுதேன்.

சனிக்கிழமை எனக்குக் கோபம் வந்தது. கடையில் பறக்கிற சாமான் வீட்டில் ஏன் படுத்துக்கொள்கிறது? கோளாறு அதில் இல்லையென்றால் வீட்டில்தானே? நீளமான வயரைச் செருகி, ரவுட்டரை அலுமாரி உச்சியிலிருந்து எடுத்துக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தேன். கட்டிலடியில் சிக்னல் ஒரு கோடு. வாசலில் ஒரு கோடு. ஜன்னல் கட்டையில் வைத்தால் இரண்டு, அதுவும் உடனே இறங்கியது. அப்படியே வந்து உன் படத்துக்கு முன்னால் நின்று, உன் நெஞ்சுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். எல்லாக் கோடும் எரிந்தது. எதிர்மலை டவர் அந்த ஓர் இடத்துக்கு மட்டும்தான் இறங்கி வருகிறது. நீ அடித்த ஆணி சட்டத்துக்கு மேலே எட்டிப் பார்த்தது.

“அம்மா!” என்று கத்தினேன்.

அம்மா வந்து பார்த்தாள். பிறகு சொன்னாள். “நீ பதுளையில ட்ரெய்னிங்ல இருந்த புள்ள, ஒனக்குத் தெரியாது. இத என் தலையில தூக்கி வச்சு வீடு பூரா நடக்க வச்சான்டி அந்தப் பய. கொழுந்துக் கூடை தூக்குன தலைக்கு இது என்ன பாரமான்னான். போனுல ஜெசிந்தா. தெரியுதா, இப்பத் தெரியுதான்னு கத்திக்கிட்டே வர்றான். இந்த எடத்துக்கு வந்ததும் அவ மொகம் பளிச்சுன்னு வந்துருச்சு. அம்மா அசையாதன்னான். பலகை அடிக்கிற வரைக்கும் அப்பிடியே நின்னேன். அவன் அப்பிடிச் சிரிச்சு நான் பாத்ததில்ல. அதான் படத்த இங்க மாட்டச் சொன்னேன்.”

“தெரிஞ்சே எடத்த மாத்துனியாம்மா?”

“ஒரு தடவ புடிச்சுக் குடுத்துட்டான்ல. மாடு வீடு பழகுற மாதிரி அதுவும் பழகியிருக்கும்னு நெனச்சேன்.”

நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை, அண்ணே.

சித்தப்பா ஒத்துக்கொள்ளவில்லை. “மால போட்டு வெளக்குப் போட்ட படத்த ஜெபத்துக்கு முன்னால எறக்குறதா? நல்லதில்ல. சனம் என்ன பேசும்?” என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. நம் லயத்தில் ஒருமுறை மாலை விழுந்த படத்தை யாரும் தொடுவதில்லை, வெள்ளையடிக்கும்போதுகூட அதைச் சுற்றித்தான் அடிப்பார்கள். ரவுட்டரைக் கையில் பிடித்தபடி ஜெபம் முழுக்க உன் முன்னால் நிற்கிறேன் என்றேன். சித்தப்பா தலையைச் சொறிந்தார்.

ஞாயிறு மத்தியானம், பாதர் வருவதற்கு முன்னால், சனமெல்லாம் பாயில் உட்கார்ந்திருக்கும்போது அம்மா ஒரு கதிரையை இழுத்துப் போட்டு ஏறினாள். யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை. மாலையோடு உன்னைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினாள். “பேசுற சனம் பேசட்டும். போன தடவ அவ மொகம் பாக்காமப் போனான். இந்தத் தடவ எம்புள்ளயே அவளுக்குக் குறுக்க நிக்கக் கூடாது,” என்றாள். சித்தப்பாதான் கட்டிலுக்கடியில் தவழ்ந்து உன் பலகையைத் தேடி எடுத்து அதே ஆணியில் மாட்டி, ரவுட்டரை ஏற்றி வைத்தார்.

அண்ணி போனில் வந்தார். வெள்ளைச் சேலை, பின்னால் யாரோ வீட்டுக் குசினி. முகம் பளிச்சென்று இருந்தது. ஜெபம் முடியும்வரை ஒரு தடவைகூட உறையவில்லை. அம்மா உன்னை மடியில் வைத்து, பிள்ளையைப் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுவரில் தொங்கியிருந்தால் நீ அவ்வளவு கிட்ட வந்திருப்பாயா?

பாதர் ஆசீர்வாதம் கொடுத்து முடித்ததும் அண்ணி சொன்னார். “அத்தே, அவங்கள இங்கிட்டுத் திருப்புங்க. கிட்ட.” அம்மா படத்தைத் தூக்கிப் போனுக்கு முன்னால் பிடித்தாள். அண்ணி நிறைய நேரம் பார்த்தார். “ரொம்ப வெளுத்துட்டீங்களே,” என்றார். ஒரு வருடமாக வராத அழுகை அப்போதுதான் வந்தது. யாரும் தடுக்கவில்லை. அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சரிங்க, போயிட்டு வாங்க,” என்று உன்னிடம் சொன்னார். அதன் பிறகுதான், அவராகவே, போனை வைத்தார்.

நீ இப்போது ரவுட்டருக்குக் கீழே, வேறு ஆணியில் இருக்கிறாய். அது சித்தப்பா அடித்தது, கொஞ்சம் கோணல். அம்மா அப்படியே இருக்கட்டும் என்றுவிட்டாள். மேலே உள்ள இடம் அண்ணியுடையது, அதை இனி யாருக்கும், உனக்கும்கூட, விட்டுக்கொடுக்க மாட்டேன். அண்ணி கூப்பிடுகிற எந்த நாளிலும் இந்த வீட்டில் அவர் முகம் பாதியில் நின்றுபோகாது. பாஸ்வேர்டும் மாறாது. இது உன் மேல் சத்தியம்.

உன் ஆணிக்குக் காவலிருக்கும்,
உன் வாயாடித் தங்கச்சி
ஸ்டெல்லா