அடுப்போரம் வைத்த ஃபைபர் ஏணி

மாசி 18, செவ்வாய்.

வெல்லம் காய்ச்சும் கொட்டகையில் கூரைத் தகரம் மாற்ற மச்சான் ஃபைபர் ஏணியில் ஏறினான். இரண்டாம் படியிலேயே, "ஏணி தொளதொளன்னு ஆடுதுங்க மாமா" என்றான்.

"உன் தொப்பைக்கு இரும்பே ஆடும். ஏறு மச்சான்!" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ரோஷத்தில் ஏறினான். நாலாம் படியில் ஏணியின் கால் மடங்கியது. நல்லவேளை, கரும்புச் சக்கைமேல் விழுந்தான்.

ஏணியின் அடியைத் தொட்டேன், சுட்டது. சூட்டில் நாரைப் பிடித்திருக்கும் பசை இளகி, உள்ளே நார் மட்டும்தான் தாங்கியிருக்கிறது. காலை நிமிர்த்தி வைத்தேன், ஆறியதும் மறுபடி விறைத்துக்கொண்டது. பார்த்தால் நல்ல ஏணி.

காலையில் அதை அடுப்பு வாய்க்குப் பக்கத்தில் வைத்தவன் நான். மச்சானிடம் இன்னும் அதைச் சொல்லவில்லை.

வேறு யாரும் ஏறிவிடாமல், விடிந்ததும் ஏணியை ரம்பத்தால் அறுத்துப் போடணும். ஏன் என்று மச்சான் கேட்பான். சொல்லித்தான் ஆகணும்.