துணி துவைத்தவர்கள்

திருவொற்றியூர்,
ஞாயிறு மாலை

அன்புள்ள லியோனார்ட் அண்ணனுக்கு,

தங்கை ஜானட் எழுதுவது. ஆண்டவர் தயவில் எல்லோரும் இருக்கிறோம். போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே வைத்துவிடுகிறாய். அதனால் பஹ்ரைன் திரும்பும் சாலமனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நீ மூன்று வருஷம் வேலை பார்த்த, பழைய பேட்டரி உருக்கும் பட்டறையால் நம் தெருவில் யாருக்காவது ஈயம் ஏறியிருக்கிறதா என்று முகாம் போட்டு ரத்தம் எடுத்தார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு பெண்களில் ஒன்பது பேருக்கு அதிகம். நானும் ஒருத்தி. நூற்றுக்கு நாலுதானே, எந்த ஊரிலும் இருப்பதுதான் என்று சுகாதார அதிகாரி ஃபைலை மூடப் பார்த்தார்.

என்னால் சும்மா உட்கார முடியவில்லை. எதிர்வீட்டுச் செங்கொடி அக்காவோடு வீடு வீடாகப் போனேன். உடம்புக்கு என்ன என்று கேட்கவில்லை; பட்டறையில் உனக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். ஒன்பதில் எட்டுப் பேர் அங்கே வேலை செய்தவர்களின் பெண்டாட்டி, அம்மா, தங்கை. அப்படிப்பட்டவர்கள் தெருவிலேயே பதினொரு பேர்தான். ஒன்பதாவது மெஹ்னாஸ். அவளுக்கு அங்கே யாருமில்லை. குழம்பி நின்றேன். இன்னாம்மா, பட்டறைப் பசங்க துணிய கூலிக்கு நான்தானே துவைச்சிக்கினு கீறேன் என்றாள். திரும்ப ஓடினேன். ஈயம் ஏறாத மூன்று பேரில் இரண்டு பேர் வீட்டில் ஆண்கள் தங்கள் துணியைத் தாங்களே துவைக்கிறார்கள். உறவை விட்டுவிட்டு, அந்தத் துணியைத் துவைக்கிறவர்களை மட்டும் எண்ணினால் பத்துக்கு ஒன்பது.

வெள்ளிக்கிழமை அதிகாரி நடத்திய கூட்டத்தில் எழுந்து, தெருவை எண்ணினால் நூற்றுக்கு நாலு, துவைக்கிறவளை எண்ணினால் தொண்ணூறு, நான் எதில் சேர்த்தி சார் என்று கேட்டேன். அதிகாரி ஃபைலைத் திரும்பத் திறந்தார். பட்டறைக்காரர்களோ, வேலைத் துணி வெளியே போனதே இல்லை என்றார்கள். அங்கே வேலை செய்த ஒருவர், துணி வீட்டுக்குத்தான் போனது என்று எழுதிக் கொடுத்தால் விசாரிப்பதாக அதிகாரி சொல்லியிருக்கிறார். பதினைந்தாம் தேதிவரைதான் நேரம். இப்போது உள்ளே இருப்பவர்கள் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

உனக்கு விசா வாங்கித் தந்தது பட்டறை மேஸ்திரி என்று எனக்குத் தெரியும். உன் பயமும் தெரியும். அண்ணா, எனக்கு இரண்டு முறை கரு தங்காமல் போனதற்கு உன்மேல் துளி வருத்தம்கூட இல்லை. துணியில் ஒட்டிய ஈயத் தூசியை நீயும் தெரியாமல் கொண்டுவந்தாய், நானும் தெரியாமல் துவைத்தேன். ஆனால் பக்கத்து வீட்டுச் சிவந்திக்கு இது ஐந்தாம் மாதம். அவள் புருஷன் நேற்றும் பட்டறைத் துணியோடுதான் வந்தான்.

ஒரே ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போடு. நீயும் ரத்தம் பார்த்துக்கொள். மாதா உனக்குத் துணையிருக்கட்டும்.

பிரியமுள்ள தங்கை,
ஜானட்